பெயருக்கும் எல்லை உண்டு! கணினி மேதை ஆலன் டூரிங்



தூத்துக்குடியில் யாரையாவது நிறுத்தி, 'பெரிய கோயிலுக்கு எப்படிப் போக வேண்டும்?' என்று கேளுங்கள். கடற்கரைப் பக்கம் கையைக் காட்டி, பனிமய மாதா ஆலயத்துக்கு வழி சொல்வார்கள். இதே கேள்வியைத் தஞ்சாவூரில் கேட்டால், ராஜராஜ சோழன் கட்டிய கோயிலுக்கு வழி சொல்வார்கள். பெயர் ஒன்றுதான், இடம் இரண்டு! ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. எந்த ஊருக்குள் நிற்கிறோமோ, அந்த ஊர்ப் பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

உங்கள் தெருவையே பாருங்கள். வீட்டுக்கு வீடு 'அப்பா' என்ற குரல் கேட்கிறது. அந்தந்த வீட்டில் அந்தந்த அப்பா மட்டும்தான் திரும்பிப் பார்க்கிறார். ஆனால் 'சூரியன்' என்று எந்த வீட்டில் சொன்னாலும் அது ஒரே சூரியன்தான். ஆக, சில பெயர்கள் வீட்டுக்குள் செல்லும், சில ஊருக்குள் செல்லும், சில உலகம் முழுவதும் செல்லும்.

நமக்கு இது யாரும் சொல்லித் தராமலே புரிகிறது. கணினிக்குப் புரியுமா? புரியாது! அதற்கு ஒவ்வொன்றையும் நாம்தான் சொல்லித் தர வேண்டும். ஒரு பெயர் எங்கே தொடங்கி எங்கே வரை செல்லும் என்பதைக் கணினிப் பாடத்தில் 'வரையெல்லை' என்கிறார்கள். உங்கள் அண்ணன், அக்காவின் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம்.

கணினி என்ற கருவியே பிறக்காத காலத்தில், அதைக் காகிதத்தில் உருவாக்கிக் காட்டியவர் ஆலன் டூரிங். ஒரு வேலையை எப்படித் துண்டு துண்டாகப் பிரிப்பது, பிரித்த துண்டுக்குள் போய்விட்டு எப்படித் திரும்பி வருவது என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவரும் அவர்தான். அவருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. அந்தக் கதையைக் கேளுங்கள்.

போத்தனூரில் பிறந்த அம்மா

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூர் என்று ஒரு ரயில் சந்திப்பு இருக்கிறது. 1881-ம் ஆண்டு அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் எத்தல் சாரா. அந்தக் குழந்தையின் தந்தை எட்வர்டு ஸ்டோனி, சென்னை மாகாண ரயில்வேயில் பெரிய பொறியாளர். மின்விசிறி இல்லாத அந்த நாளில் கூரையில் துணி விசிறியைக் கட்டி, கயிற்றால் இழுத்து ஆட்டுவார்கள் அல்லவா? அது சத்தம் போடாமல் ஆடுவதற்கு ஒரு சக்கரம் கண்டுபிடித்தவர் இந்த ஸ்டோனி தாத்தா. பேரனுக்கு மூளை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

எத்தல் சாராவை மணந்தவர் ஜூலியஸ் டூரிங். ஆங்கிலேய ஆட்சியில் ஐ.சி.எஸ். என்று ஒரு தேர்வு இருந்தது. அதில் தேறி, 1896-ல் சென்னை மாகாணத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். சென்னை மாகாணத்துக்கு வரவேண்டும் என்பதால் இங்கிலாந்திலேயே தமிழும் படித்தார்! இவர்களின் மூத்த மகன் ஜான், 1908-ல் நம் குன்னூரில் பிறந்தான். இளைய மகன்தான் ஆலன். 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தான்.

தனியே வளர்ந்த பையன்

அப்பாவுக்கு வேலை இந்தியாவில். இங்குள்ள வெயிலும் நோயும் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் நினைத்தார்கள். அதனால் ஆலனுக்கு ஒன்றேகால் வயது ஆனபோது, அவனையும் அண்ணனையும் இங்கிலாந்தில் ஒரு ராணுவ அதிகாரியின் குடும்பத்தில் விட்டுவிட்டு, அம்மாவும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். சிறு வயதில் அம்மா, அப்பா இருவரையும் ஆலன் அவ்வப்போதுதான் பார்த்தான்.

பையன் படு சுட்டி! யாரும் உட்கார்ந்து சொல்லித் தராமலே, மூன்று வாரத்தில் தானே படிக்கக் கற்றுக்கொண்டான். எழுத்துகளை விட எண்கள்மேல் அவனுக்கு ஆசை அதிகம். தெருவில் நடந்து போனால், விளக்குக் கம்பங்களில் எழுதியிருக்கும் எண்களை நின்று நின்று படிப்பானாம்.

1926-ல் ஷெர்போர்ன் என்ற ஊரில் உள்ள பள்ளியில் சேர வேண்டும். அவனுக்கு அப்போது 13 வயது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்து இறங்கினால், இங்கிலாந்து முழுவதும் வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஆலன் சைக்கிளை எடுத்தான். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம்! வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

பள்ளியில் கிறிஸ்டோபர் மார்கம் என்று ஒரு நண்பன் கிடைத்தான். இருவரும் அறிவியல், வானியல் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். 1930-ல் அந்த நண்பன் காசநோயால் இறந்துபோனான். ஆலன் உடைந்துபோனான். நண்பன் செய்ய நினைத்த வேலைகளை நாம் செய்து முடிக்க வேண்டும் என்று மனத்துக்குள் உறுதி எடுத்துக்கொண்டு, முன்னைவிடக் கடுமையாகப் படித்தான். 1931-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான்.

காகிதத்தில் ஒரு கணினி

1936-ல் டூரிங்குக்கு 24 வயது. அந்த வருடம் அவர் எழுதிய ஒரு கட்டுரை உலகத்தையே மாற்றிவிட்டது. கணக்குப் போடும் மனிதர் என்ன செய்கிறார்? தாளில் ஒரு கட்டத்தைப் பார்க்கிறார், ஓர் எண்ணை எழுதுகிறார், அழிக்கிறார், அடுத்த கட்டத்துக்குப் போகிறார். இதை ஓர் இயந்திரத்தால் செய்ய முடியும் என்று டூரிங் காட்டினார். நீளமான ஒரு நாடா, அதைப் படித்து எழுதும் ஒரு முனை, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு பட்டியல், அவ்வளவுதான்! இன்று அதை 'டூரிங் இயந்திரம்' என்கிறோம்.

அந்தக் கட்டுரையில் நம் கதைக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கட்டளைப் பட்டியல்கள் நீண்டுகொண்டே போயின. ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப வந்தது. எனவே டூரிங் சில வேலைகளுக்கு மட்டும் ஒரு மாதிரிப் பட்டியல் எழுதினார். அதில் உண்மையான பெயர்களை எழுதவில்லை. அவற்றின் இடத்தில் சில அடையாள எழுத்துகளை வைத்தார். வேலை வரும்போது அந்த இடத்தில் உண்மைப் பெயரை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் அச்சடித்து வைத்திருப்பார்களே, அது மாதிரி! 'என் மகன் ______ க்குக் காய்ச்சல்' என்று இருக்கும். அந்தக் கோடிட்ட இடத்துக்கு அந்தக் கடிதத்துக்குள்தான் பொருள். உங்கள் கடிதத்தில் உங்கள் பெயர், பக்கத்து பெஞ்சு மாணவனின் கடிதத்தில் அவன் பெயர். ஒன்றில் நிரப்பியது இன்னொன்றைத் தொடுவதில்லை.

அதே 1936-ல் டூரிங் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அலான்சோ சர்ச் என்ற பேராசிரியர், இந்தக் 'கோடிட்ட இடம்' எது வரை செல்லும் என்பதைக் கணிதமாகவே எழுதிவைத்திருந்தார். அவரிடம் படித்து 1938-ல் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு டூரிங் ஊர் திரும்பினார்.

ஒரே ஒரு நாளுக்கு மட்டும்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே என்ன வேலை என்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது.

இங்கிலாந்து ஒரு தீவு. உணவும் எண்ணெயும் கப்பலில்தான் வர வேண்டும். அட்லாண்டிக் பெருங்கடலில் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் பதுங்கி இருந்து அந்தக் கப்பல்களைக் கவிழ்த்தன. துறைமுக ஊர்ப் பிள்ளைகளான உங்களுக்கு, கப்பல் வராத துறைமுகம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீர்மூழ்கிகளுக்கு ரேடியோவில் வரும் உத்தரவைப் படித்துவிட்டால் கப்பல்களைக் காப்பாற்றலாம். ஆனால் அந்த உத்தரவுகள் 'எனிக்மா' என்ற பெட்டியால் குழப்பி அனுப்பப்பட்டன.

எனிக்மா பார்க்கத் தட்டச்சுப் பொறி போல இருக்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் வேறோர் எழுத்து விளக்கில் தெரியும். உள்ளே இருக்கும் சக்கரங்களையும் முன்னே இருக்கும் கம்பிகளையும் பல விதமாகப் பொருத்தலாம். எத்தனை விதம் தெரியுமா? ராணுவம் பயன்படுத்திய வகையில், 159 என்று எழுதி அதன் பின்னால் 18 பூஜ்யம் போடுங்கள். அத்தனை விதம்!

அதோடு விட்டார்களா? அந்தப் பொருத்தத்தை அடிக்கடி மாற்றினார்கள். பல பிரிவுகளில் நள்ளிரவு மணி அடித்ததும் புதுப் பொருத்தம். தரைப்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு வேறொன்று. இன்று தெரியும் எழுத்துக்கு நாளை அதே பொருள் இல்லை. இங்கே தெரியும் எழுத்துக்கு அங்கே அதே பொருள் இல்லை. தெருவுக்குத் தெரு 'அப்பா' மாறுவது போல, நாளுக்கு நாள் எழுத்தின் பொருள் மாறியது. எதிரி தந்திரமாக எல்லை போட்டுவிட்டான்!

போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் 1932-லேயே எனிக்மாவின் ரகசியத்தை ஓரளவு உடைத்திருந்தார்கள். போருக்குச் சற்று முன்பு தங்களுக்குத் தெரிந்ததை இங்கிலாந்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு டூரிங் ஒரு பெரிய இயந்திரத்தை வடிவமைத்தார். 'பாம்' என்று அதற்குப் பெயர். கார்டன் வெல்ச்மன் என்பவர் அதை மேலும் சிறப்பாக்கினார். எனிக்மாவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. எந்த எழுத்தைத் தட்டினாலும் அதே எழுத்து திரும்ப வராது. வானிலைச் செய்தி போல அடிக்கடி வரும் சொற்களை ஊகித்து, இந்தப் பலவீனத்தையும் சேர்த்து, அன்றைய பொருத்தம் எது என்று 'பாம்' தேடியது. அன்றைய பொருத்தம் கிடைத்துவிட்டால், அன்றைக்கு அந்தப் பிரிவு அனுப்பிய செய்திகளைப் படித்துவிடலாம். அடுத்த மாற்றம் வந்தால் மறுபடி முதலிலிருந்து!

கடற்படை எனிக்மாதான் மிகவும் கடினம். அதை யாரும் தொட விரும்பாதபோது டூரிங் தானே எடுத்துக்கொண்டார். அவர் குழுவின் உழைப்பால் பல கப்பல்கள் நீர்மூழ்கிகளுக்குத் தப்பி வழி மாறிப் போயின.

ஆள் கொஞ்சம் விசித்திரமானவர். மகரந்தம் பட்டால் தும்மல் வரும் என்று, முகத்தில் விஷவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார். தன் தேநீர்க் கோப்பையை யாரும் எடுக்காதபடி சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பார்!

கயிறு சொல்லும் வழி

போர் முடிந்தது. 1945-ல் டூரிங், தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உண்மையான கணினி ஒன்றுக்குத் திட்டம் எழுதினார். அங்கே ஒரு சிக்கல் வந்தது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நம் முத்துக்குளித்துறைக்கு வாருங்கள்.

1961-க்குப் பிறகு இந்தக் கடலில் அரசு நடத்தும் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்று உங்கள் தாத்தாக்கள் சொல்வார்கள். வள்ளத்தை முத்துச் சிப்பி கிடக்கும் பாரின் மேல் நிறுத்துவார்கள். மூழ்குபவர் கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே போனவர் சிப்பிகளை அள்ளி வலைப்பையில் போடுவார். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கயிறு அசையும். மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். மூழ்கியவர் அதே வள்ளத்துக்கு, அதே இடத்துக்குத் திரும்பி வருவார்.

இதைக் கணினியாக நினைத்துப் பாருங்கள். வள்ளம்தான் முக்கியமான நிரல். மூழ்குவது ஒரு சின்ன வேலை. அதை இன்று 'செயற்கூறு' என்கிறோம். சின்ன வேலைக்குள் போன கணினி, முடித்த பிறகு எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்? அதுதான் டூரிங்கின் சிக்கல். அவர் சொன்ன வழி இது. போவதற்கு முன்னால் திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்து ஓர் அடுக்கில் 'புதைத்து' வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதைத் 'தோண்டி' எடுத்துப் பார்த்துத் திரும்ப வேண்டும். அதுதான் மூழ்குபவரின் கயிறு!

சின்ன வேலைக்குள் இன்னொரு சின்ன வேலை வந்தால்? இன்னொரு குறிப்பை அதன்மேல் வைக்கலாம். கல்யாண வீட்டில் அடுக்கி வைத்த தட்டுகளைப் போல, கடைசியாக வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். ஒன்றும் தவறாது.

பின்னால் வந்தவர்கள் இந்த அடுக்கில் இன்னொன்றையும் வைத்தார்கள். திரும்பும் இடத்தோடு, அந்த வேலைக்குத் தேவையான பெயர்களையும் மதிப்புகளையும் சேர்த்து வைத்தார்கள். மதிப்பு மாறக்கூடிய இந்தப் பெயருக்கு 'மாறி' என்று பெயர். கடலுக்கு அடியில் மூழ்குபவர் எந்தப் பாறையைத் தொட்டார், எத்தனை எண்ணினார் என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாது. பையில் வந்தது மட்டும்தான் மேலே வரும். அடுத்த முறை மூழ்கும்போது பை காலி. செயற்கூறுக்குள் பிறக்கும் மாறியும் அப்படித்தான். வேலை முடிந்ததும் மறைந்துவிடும். திருப்பித் தரும் விடை மட்டும் வெளியே வரும். இதற்கு 'உள்ளமை மாறி' என்று பெயர்.

எல்லாரும் பார்க்கக்கூடியது 'முழுதளாவிய மாறி'. நம் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் பெட்டிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 4 எழுத்தும் 7 இலக்கமும் இருக்கும். அந்த எண்ணைத் தூத்துக்குடியில் சொன்னாலும் கொழும்பில் சொன்னாலும் அதே பெட்டிதான். 'மூன்றாம் வரிசை, இரண்டாம் அடுக்கு' என்று சொன்னால் அது இந்தத் துறைமுகத்துக்குள் மட்டும்தான் செல்லும்.

எல்லாப் பெயரையும் முழுதளாவியதாக வைத்துவிட்டால் எளிதுதானே என்று கேட்கலாம். கேளுங்கள். உங்கள் வீட்டு உப்பு டப்பாவும் பக்கத்து வீட்டு உப்பு டப்பாவும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் அதில் சர்க்கரையைக் கொட்டிவிட்டால் உங்கள் வீட்டுக் குழம்பு என்ன ஆகும்? ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள நிரலில், யார் எப்போது கொட்டினார்கள் என்று கண்டுபிடிப்பது மிகப் பெரிய தலைவலி!

மொழிக்கு மொழி மாறும் எல்லை

கணினிக்குப் பல மொழிகள் உண்டு. எல்லா மொழியும் ஒரே மாதிரி எல்லை போடுவதில்லை.

1957-ல் வந்த போர்ட்ரான் மொழியில் முதலில் தனித்தனிச் செயற்கூறுகள் எழுத வசதி இல்லை. 1958-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் அந்த வசதி வந்தது. ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பெயர்களும் வந்தன. 1960-ல் பாரிஸ் நகரில் 13 அறிஞர்கள் கூடி 'அல்கால் 60' என்ற மொழியை வடிவமைத்தார்கள். தொடக்கம், முடிவு என்று இரண்டு சொற்களால் வேலி போட்டார்கள். வேலிக்குள் அறிவித்த பெயர் வேலிக்குள் மட்டும். உள்ளே தேடிக் கிடைக்காவிட்டால் அடுத்த வெளி வேலியில் தேட வேண்டும். தூத்துக்குடிக்காரர் முதலில் தூத்துக்குடிப் பெரிய கோயிலை நினைப்பது போலத்தான்! 1972 வாக்கில் உருவான சி மொழி, அந்த வேலியை நெளிவு அடைப்புக்குறியாக மாற்றிக்கொண்டது.

1958-ல் பிறந்த லிஸ்ப் மொழியின் பழைய பதிப்புகள் வேறு மாதிரி. ஒரு விளையாட்டாகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு சீட்டில் 'இதை அப்பாவிடம் கொடு' என்று எழுதி நண்பனிடம் தருகிறீர்கள். அவன் யாருடைய அப்பாவிடம் கொடுக்க வேண்டும்? எழுதியவரின் அப்பா என்பது இன்றைய பெரும்பாலான மொழிகளின் முறை. படிப்பவரின் அப்பா என்பது பழைய லிஸ்பின் முறை! சீட்டு கை மாற மாற அப்பாவும் மாறிக்கொண்டே இருப்பார். குழப்பம்தானே? அதனால்தான் பின்னால் வந்தவர்கள் முதல் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது ஒரு புதிர். வெளியே 'சிப்பி' என்ற மாறியில் 10 இருக்கிறது. 'மூழ்கு' என்ற செயற்கூறுக்குள் 'சிப்பி' க்கு 25 தருகிறோம். மூழ்கி வந்த பிறகு வெளியே சிப்பி எவ்வளவு?

பைத்தான் மொழியில் விடை 10. உள்ளே மதிப்புத் தந்தவுடன் அது புதிய உள்ளமை மாறி ஆகிவிடும். வெளியே உள்ளதைத்தான் மாற்ற வேண்டும் என்றால் 'குளோபல்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். சி மொழியில் உள்ளே புதிதாக அறிவித்தால் 10. அறிவிக்காமல் மதிப்பு மட்டும் தந்தால் வெளியே இருப்பதே 25 ஆகிவிடும்! எல்லாப் பெயரும் பொது என்று இருந்த பழைய பேசிக் போன்ற மொழிகளிலும் 25. பார்த்தீர்களா, ஒரே கேள்விக்கு மொழிக்கு மொழி விடை மாறுகிறது. 1995-ல் வந்த ஜாவாஸ்கிரிப்டில் 'வார்' என்று அறிவித்த மாறி, செயற்கூறுக்குள் இருக்கும் சின்ன வேலியை மதிக்காமல் தாண்டி வந்துவிடும். 2015-ல் 'லெட்' என்ற புதிய சொல்லைக் கொண்டுவந்து அதைச் சரி செய்தார்கள்.

வெளியே தெரியாத வாழ்க்கை

டூரிங் 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இருந்த கணினிக்கு நிரல் எழுதுவோருக்கான கையேட்டை எழுதினார். இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை 1950-ல் ஒரு கட்டுரையில் எழுப்பினார். இன்று செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கட்டுரையைத் தேடிப் போகிறார்கள்.

ஆனால் பிளெட்ச்லி பார்க்கில் செய்த வேலையை அவர் யாரிடமும் சொல்ல முடியாது. ரகசியச் சட்டம்! பெற்ற தாயிடமும் சொல்லவில்லை.

குழந்தைகளே, அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருந்தது. ஓர் ஆண் இன்னோர் ஆணை நேசித்து வாழ்வது குற்றம் என்றது அது. அந்தச் சட்டத்தின்படி 1952-ல் டூரிங்கைக் குற்றவாளி என்றார்கள். சிறைக்குப் பதிலாக, உடலைப் பாதிக்கும் மருந்தை ஒரு வருடம் ஏற்றுக்கொள்ள வைத்தார்கள். அரசின் ரகசிய வேலைகளுக்கு ஆலோசனை சொல்லும் அனுமதியையும் பறித்தார்கள். நாட்டைக் காத்தவர் என்பது அந்த நீதிமன்றத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 1954 ஜூன் 7 அன்று, 42-வது பிறந்த நாளுக்கு 16 நாள் இருக்கும்போது, டூரிங் காலமானார்.

போத்தனூரில் பிறந்த அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? மகனை உலகம் மறந்துவிடக் கூடாது என்று தானே உட்கார்ந்து அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1959-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அதில் எனிக்மா கதை இல்லை. ஏனென்றால் அம்மாவுக்கே அது தெரியாது! 1970-களில்தான் ரகசியம் மெல்ல வெளியே வந்தது. அம்மா 1976-ல் காலமானார்.

அந்தச் சட்டம் 1967-ல் திருத்தப்பட்டது. டூரிங்கை நடத்திய விதத்துக்காக 2009-ல் இங்கிலாந்துப் பிரதமர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசி, அவர்மீது இருந்த தண்டனைக்கு மன்னிப்பு வழங்கினார். 2021-ல் அவர் பிறந்த நாளன்று, அவர் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வெளிவந்தது. எல்லாம் வந்தன. பார்க்க அவர் இல்லை. ஒருவர் நம்மிலிருந்து வேறுபட்டவர் என்பதற்காக அவரை ஒதுக்கினால் இழப்பு யாருக்கு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

1966 முதல் கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசுக்கு 'டூரிங் விருது' என்று பெயர். அல்கால், லிஸ்ப், சி ஆகிய மொழிகளை உருவாக்கியவர்கள் இந்த விருதைப் பெற்றிருக்கிறார்கள். 1994-ல் இதைப் பெற்ற ராஜ் ரெட்டி, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அந்த வரிசையில் உங்களுக்கும் இடம் இருக்கிறது!

இனிப் பள்ளிக் கணினி அறையில் ஸ்கிராட்ச் திறந்தால், புதிதாக ஒரு மாறி உருவாக்கிப் பாருங்கள். எல்லா உருவங்களுக்குமா, இந்த உருவத்துக்கு மட்டுமா என்று அது உங்களைக் கேட்கும். முதலில் 'எல்லா உருவங்களுக்கும்' என்று வைத்து, இரண்டு உருவங்களையும் ஒரே மாறியில் மதிப்பெண் எண்ணச் சொல்லுங்கள். அடுத்து 'இந்த உருவத்துக்கு மட்டும்' என்று, ஒவ்வோர் உருவத்திலும் ஒரே புதுப் பெயரில் ஒரு மாறி வைத்துப் பாருங்கள். எது குழம்பியது, எது சரியாக வந்தது என்று நோட்டில் எழுதி, வகுப்பில் ஆசிரியரிடம் காட்டுங்கள். காகிதமும் பென்சிலும் மட்டுமே இருந்த காலத்தில் டூரிங் தொடங்கிய வேலையை, நீங்கள் அங்கிருந்து தொடரலாம்!